பின் சீட்டு ஏசியும் மலைக்கு ஹீட்டரும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே சித்திரை மாதத்து மதியம் ஓடுகிற பழைய பொலேரோக்களைப் பாருங்கள். டிரைவரும் பக்கத்தில் இருப்பவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுகமாக இருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்த பெரியம்மா கையில் இருக்கும் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு வருவார். ஏசி வண்டி என்றுதான் பெயர். குளிர் முன் சீட்டைத் தாண்டுவதில்லை.

இப்படிப்பட்ட வண்டிக்குப் பின்னால் தனியாக ஏசி வைப்பதையும், மலைக்குப் போகிறவர்களுக்கு ஹீட்டர் வேண்டுமா என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். சுமோ, ஆர்மடா, பழைய சஃபாரி எதற்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். 2000ல் வந்து இன்றுவரை இந்தப் பக்கம் அதிகம் ஓடுவது பொலேரோ என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சுக்குத்தான் அது பின் ஏசி. செலவிலும் உழைப்பிலும் பெரும்பங்கு பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பின்னால் தொங்கும் பெட்டி இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. “அண்ணாச்சி, பெட்டிய மட்டும் வாங்கியாந்துருங்க, ஒரே நாள்ல மாட்டிரலாம், கேஸ கூடக் கொஞ்சம் ஏத்துனா ஐஸா வரும்” என்று சொல்கிறவரிடம் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ள குளிரை இரண்டாகப் பங்கு போட்டு, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் செய்துவிடுவார்.

முன் ஏசி தேறுமா

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் போதும். வெயில் நேரத்தில் வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, எஞ்சினை 1500 சுற்றில் பிடித்து, டேஷ்போர்டின் நடு ஓட்டையில் அதைச் செருகுங்கள். வெளியே 36, 38 டிகிரி இருக்கும்போது பத்து நிமிடத்தில் அது 10, 12க்குக் கீழே இறங்க வேண்டும். 16, 17லேயே நின்றால் பின் ஏசிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு முன் ஏசியைச் சரிபாருங்கள். பலருக்கு அதுவே போதும் என்று ஆகிவிடும்.

ராஜபாளையத்தில் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சு. நூற்பாலைகளும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் உள்ள ஊர். அந்தச் சாலைகளில் தினமும் ஓடுகிற, அல்லது ஆலை வாசலில் நாள் முழுக்க நிற்கிற வண்டியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவினால் அது போகாது, இன்னும் உள்ளே அழுந்தும். கண்டென்சரின் நாலு போல்ட்டைக் கழற்றி முன்னால் சாய்த்து, எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுவது போல மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், அதற்குப் பிறகு காற்றே நுழையாது.

அடுத்து, வெந்நீர். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் காயிலும் இருக்கிறது. வெந்நீர் வால்வின் கேபிள் தளர்ந்து லேசாகத் திறந்து நின்றால், குளிர்ந்த காற்று அந்தச் சூட்டைத் தாண்டித்தான் வெளியே வரும். ஏசி ஓடும்போது ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கொதித்தால் வால்வு மூடவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கேஸ் மாற்றி, டிரையர் மாற்றி, கம்ப்ரஸர் வரைக்கும் மாற்றிய வண்டிகள் உண்டு.

மூன்றாவது, கூரை. பொலேரோவின் கூரை நீளமான தகரம், கண்ணாடிகள் நிமிர்ந்தவை, பெரியவை. டாப் லைனிங்கைக் கழற்றுகிற வேலை எப்படியும் வரப்போகிறது என்பதால், அந்த நேரத்தில் தகரத்தின் உள்பக்கம் முழுக்க ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட் ஒட்டிவிடுங்கள். பெட்டியின் விலையில் சிறு பங்குதான் ஆகும், பின் வரிசையில் தலைக்கு மேல் எரிகிற எரிச்சல் அன்றைக்கே தெரிகிற அளவுக்குக் குறையும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது வேறு விவகாரம். 2012ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அது போலீஸ் வேலை. ஒளி ஊடுருவல் முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் இருந்தே ஆக வேண்டும்.

கம்ப்ரஸரும் கண்டென்சரும்

தொழிற்சாலையிலேயே ஏசி வைத்து விற்ற முதல் கார்கள் அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனியுடையவை, 1940 மாடல். அதில் குளிர்ப்பெட்டி இருந்தது பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது, ஏசி வேண்டாமென்றால் இறங்கி பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆக, உலகம் பின் ஏசியில் தொடங்கித்தான் டேஷ்போர்டுக்கு வந்திருக்கிறது. நாம் திரும்பிப் போகிறோம்.

பழைய டிஐ பொலேரோவின் எஞ்சின் 63 குதிரைத்திறன். வெயில் உச்சியில் ஏசி கம்ப்ரஸர் அதில் நாலைந்து குதிரைகளை எடுத்துக்கொள்ளும். பின் காயிலும் சேர்ந்தால் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதை விட்டு, கிட்டத்தட்ட எந்நேரமும் ஓடும். சமவெளியில் தெரியாது. புளியரை ஏற்றத்தில் எட்டுப் பேரோடு மூன்றாவது கியரில் தெரியும். அதனால் டிரைவர் கை எட்டுகிற இடத்தில், கம்ப்ரஸர் கிளட்சை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ஓவர்டேக்கின்போது பத்து வினாடி நிறுத்தினால் உள்ளே யாருக்கும் தெரியாது.

சாண்டன் வகைக் கம்ப்ரஸர்களில் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. எஸ்டி-508 என்றால் ஐந்து பிஸ்டன், ஒரு சுற்றுக்கு 138 சிசி. எஸ்டி-7எச்15 என்றால் ஏழு பிஸ்டன், 155 சிசி. உங்கள் வண்டியில் இருப்பது சின்னதாக, பல வருடம் ஓடியதாக இருந்தால், 150 சிசிக்கு மேற்பட்டதை வாங்குவது நல்லது. ஆனால் சிசியை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மவுன்டிங் காது பொருந்த வேண்டும், புல்லி மற்ற புல்லிகளோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கத்தும், பிறகு பிய்யும்.

கண்டென்சரில்தான் பெரும்பாலான வேலைகள் தோற்கின்றன. பின்னால் உறிஞ்சிய சூடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? வண்டி 80ல் ஓடும்போது எந்தக் கண்டென்சரும் சமாளிக்கும். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஊர்ந்து போகும் வண்டிக்குக் காற்று இல்லை, சுற்றும் இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பின் பெட்டி வைப்பதற்கு முன்பே, மதிய வெயிலில், வண்டி நின்றபடி ஏசி ஓடட்டும், கேஜ் மாட்டியிருக்கட்டும். ஆர்-134ஏ வண்டியில் லோ பக்கம் 30 பி.எஸ்.ஐ., ஹை பக்கம் 200லிருந்து 250 என்பது நல்ல கணக்கு. ஹை பக்கம் 300ஐத் தொட்டு ஏறிக்கொண்டே போனால் ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சரின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். முள் சடசடவென்று இறங்கி ஓட்டைக் காற்றும் சில்லென்று ஆனால், இருக்கிற கண்டென்சர் அல்லது ஃபேன் இப்போதே போதவில்லை என்று அர்த்தம். அதன்மேல் இன்னொரு காயிலைச் சுமத்தினால் கம்ப்ரஸர் போய்விடும். கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரியது நுழையுமோ அவ்வளவு பெரிய பேரலல் ஃப்ளோ கண்டென்சர், அதன் முகத்தில் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்டி எங்கே உட்காரும்

குளிர்ந்த காற்று கனமானது, தானாக இறங்கும். அதனால் குளிர்ப்பெட்டிக்கு இடம் கூரை. ஆனால் பொலேரோவின் கடைசி வரிசையில், எதிரெதிராக உட்காரும் ஜம்ப் சீட் உள்ள மாடல்களில், நடுவில் தொங்கும் பெட்டி ஏறி இறங்குகிறவர் நெற்றியைப் பதம் பார்க்கும். இரண்டாவது வரிசைத் தலைக்கு மேலே குறுக்காக, ஓட்டைகள் பின்பக்கம் பார்க்க வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் பக்கவாட்டில் நிற்கும் பெட்டிக்கு டக்ட் இழுக்க வேண்டும், சாமான் இடமும் போகும்.

டூயல் ஏசியோடு வந்த குவாலிஸ், டவேரா, சுமோ வண்டிகளின் பின் பெட்டி சென்னை புதுப்பேட்டையிலும் மதுரைப் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் கூடு, ப்ளோயர், டக்ட் வரை வாங்கலாம். கூலிங் காயிலையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மட்டும் புதிதாகப் போடுங்கள். பழைய காயிலில் ஊசிமுனை லீக் இருந்தால் எல்லாம் மாட்டி மூடிய பிறகுதான் தெரியும், அதைக் கண்டுபிடிக்க டாப் முழுக்கத் திரும்பக் கழற்ற வேண்டும்.

பெட்டியைத் தகரத்தில் தொங்கவிடக் கூடாது. கூரையின் குறுக்குப் பட்டைகளில் பிராக்கெட் வைத்து, லாக் நட் போட்டு, ரப்பர் புஷ் வைத்து மாட்ட வேண்டும். மோதலில் பத்துக் கிலோ பெட்டி கழன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதில் யாரும் சோம்பல் பட மாட்டார்கள். துளை போட்ட இடத்தில் அன்றைக்கே பிரைமர் அடிக்கவும்.

தண்ணீர் வடியும் குழாயைப் பற்றி இரண்டு பாரா எழுதலாம், யாரும் கவனிக்காத விஷயம் அது. மழைக்காலத்தில் நிறைய ஆட்களோடு ஓடும்போது பின் காயிலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வடியலாம். டிரேயில் ஒரே ஒரு டிரெயின் பைப் வைத்து, அதுவும் பெட்டியின் முன் மூலையில் வைத்தால், சமதரையில் சரியாக வடியும். மலையேறும்போது வண்டியின் மூக்கு தூக்கும், தண்ணீர் டிரேயின் பின்பக்கம் தேங்கி, வழிந்து, கடைசி சீட்டுக்காரர் கழுத்திலும் அவர் காலடியில் வைத்த பால்கோவாப் பொட்டலத்திலும் இறங்கும்.

ஆகவே டிரேயின் முன்னாலும் பின்னாலும், இடமும் வலமும் எட்டும்படி குறைந்தது இரண்டு பைப். கதவுத் தூணுக்குள் இறங்கி வண்டிக்கு அடியில் முடிய வேண்டும், நடுவில் எங்கும் மேலே வளைந்து ஏறக் கூடாது, சைலன்சருக்கு நேர் மேலே முடியக் கூடாது. டாப் லைனிங்கை மூடுவதற்கு முன்பு வண்டியை ஒரு மேட்டில் மூக்கு தூக்கி நிறுத்தி டிரேயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். முழுக்கக் கீழே வந்ததா என்று பாருங்கள். பிறகு திருப்பி நிறுத்தி இன்னொரு டம்ளர்.

குழாய் ஓட்டம்

பின் காயில் முன் காயிலுக்கு இணையாகத்தான் சேர வேண்டும், தொடராக அல்ல. டிரையருக்குப் பிறகு வரும் திரவக் குழாயில் ஒரு டீ போட்டு ஒரு கிளை பின்னால் போகும். பின் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்கும். திரும்பி வரும் தடித்த குழாய் கம்ப்ரஸருக்கு முன்னால் இன்னொரு டீயில் சேரும். ஹோஸ் அளவு, போகிறதுக்கு 6ஆம் நம்பர், வருகிறதுக்கு 10ஆம் நம்பர். வருகிற குழாயை மலிவாக இருக்கிறதென்று 8ஆம் நம்பரில் போட்டால் பின்னால் குளிர் பாதிதான். எல்லாம் ஆர்-134ஏக்கான பேரியர் ஹோஸாக இருக்க வேண்டும். பழைய வகை ரப்பரில் கேஸ் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

கிளைக்குழாயில் ஒரு சோலனாய்டு வால்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்ல சார்” என்பார்கள். தேவை. டிரைவர் தனியாக ஓட்டும் நாளில் பின் ப்ளோயர் நின்றிருக்கும், ஆனால் கேஸ் பின் காயிலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். காயில் ஐஸ் கட்டும், கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் பின்னால் போய்த் தங்கும். பின் ப்ளோயர் சுவிட்சோடு சேர்ந்து திறந்து மூடும் வால்வு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, முன்னாலும் குளிர் முழுதாக வரும்.

குழாய்கள் வண்டிக்கு அடியில் சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகப் போகட்டும். சேஸிஸ் பட்டையின் உள்பக்கம், அடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளாம்ப். செண்பகத்தோப்பு, அய்யனார் அருவிப் பக்கம் கல்லும் ஓடையும் கடக்கிற வண்டி என்றால் மேலே ஒரு தகட்டுக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும் குளிர்ந்த குழாயை ஃபோம் சுற்றி மூடவும். தரையில் துளை போட்ட இடமெல்லாம் குரோமட் வைத்துச் சீலன்ட் பூச வேண்டும். நீர் நுழையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பின்பக்கம் புகை சுழலும் இடம் அது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது, ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்குள் தூங்குகிறவர்களைக் கொன்றிருக்கிறது.

கேஸ்

1990களின் வண்டி என்றால் முதலில் அது ஆர்-12 வண்டியா என்று பாருங்கள். சார்ஜ் செய்யும் முனை திருகு மரையாக இருந்தால் பழையது, கிளிப் போலக் கவ்வும் வகையாக இருந்தால் ஆர்-134ஏ. ஓசோனைக் கெடுத்த ஆர்-12 வகைக் கேஸ்களின் உற்பத்தியை இந்தியா 2008ல் நிறுத்திவிட்டது. அந்த வண்டிக்குப் பழைய மினரல் ஆயிலை முழுக்க வடித்து, குழாய்களை ஃப்ளஷ் செய்து, ஓ ரிங், டிரையர், ஹோஸ் மாற்றிய பிறகே ஆர்-134ஏ. அதைவிடப் புதிய கேஸுக்குப் போக வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கிகாலி உடன்பாட்டின்படி இந்தியா இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கத் தொடங்குவது 2032ல்தான். உங்கள் வண்டிக்கு ஆர்-134ஏ போதும். ஆனால் இருக்கிற கேஸைத் திறந்துவிடாமல் ரெக்கவரி மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ வளிமண்டலத்தைச் சூடாக்குவது சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

ஜாயின்ட்டுகளை இறுக்கியதும் நைட்ரஜன் ஏற்றி 200 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். வெல்டிங் ஆக்சிஜனை இதற்கு எடுக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆயிலும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், அப்படி எடுக்கப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு வேக்கம். இரண்டு காயில், நீளமான குழாய் என்பதால் முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பம்ப்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால்தான் கேஸ்.

எவ்வளவு கேஸ் என்பதைத் தராசு சொல்லட்டும். முன் காயில் மட்டும் இருந்தபோது 600, 700 கிராம் பிடித்த வண்டி, பின் காயில் சேர்ந்ததும் ஒரு கிலோவை நெருங்கும். பழைய அளவை முதலில் போட்டு, இரண்டு ப்ளோயரும் முழு வேகத்தில் ஓட, 50 கிராம் 50 கிராமாக ஏற்றிக்கொண்டே கேஜையும் இரண்டு தெர்மாமீட்டரையும் பார்க்க வேண்டும். குளிர் கூடாமல் ஹை பக்கம் மட்டும் ஏறத் தொடங்கினால் அங்கே நிறுத்தம். பின் காயிலுக்காகக் கூடுதலாக 50, 60 மில்லி ஆயில் போதும், எந்த நம்பர் என்பது கம்ப்ரஸர் லேபிளில் இருக்கும்.

சிலிண்டரைப் பார்க்காமல் கேஸ் ஏற்றாதீர்கள். விலை சந்தேகமாகக் குறைந்திருந்தால் அதில் சமையல் கேஸ் வகை கலந்திருக்கலாம், பின் பெட்டி தலைக்கு மேல் இருக்கிறது, லீக் ஆனால் தீ. இன்னொரு கலப்படம் மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரியும். 2011ல் இப்படிக் கலப்படக் கேஸ் ஏற்றிய கப்பல் குளிர்கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள்.

கரண்ட் கணக்கு

கார்த்திகை, மார்கழி இரவு. செங்கோட்டை தாண்டி மழை. எட்டு ஐயப்பன்மார், ஈரத் துண்டுகள். ஹெட்லைட் 9 ஆம்பியர், மற்ற விளக்குகள் 3, வைப்பர் 5, முன் ப்ளோயர் 15, பின் ப்ளோயர் 12, கண்டென்சர் ஃபேன் இரண்டும் 20, கிளட்ச் 4, சோலனாய்டும் போன் சார்ஜரும் 3. கூட்டினால் 71. பழைய ஆல்டர்னேட்டர் 55, 65 ஆம்பியர் வகையாக இருந்தால், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் அவ்வளவு தரும். மீதியைப் பேட்டரி கொடுக்கும், பம்பையில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. 90 ஆம்பியர் வகை ஆல்டர்னேட்டருக்கு மாறுவதைச் செலவுப் பட்டியலில் முதலிலேயே சேருங்கள்.

பின் ப்ளோயருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், ரிலே. முன் ப்ளோயர் வயரிலிருந்தே கிளை எடுத்தால் சுவிட்ச் உருகும்.

ஹீட்டர்

ராஜபாளையத்தில் ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள். பல வண்டிகளில் ஹீட்டர் ஹோஸைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்து லூப் அடித்து வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்ந்த மலையில் சூடே ஏறாது. அந்த வண்டியில் எத்தனை ஹீட்டர் வைத்தாலும் வெதுவெதுப்பு மட்டும்தான் வரும். முதல் செலவு அந்தச் சின்னத் தெர்மோஸ்டாட்.

சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு மார்கழியில் போகிறவர்கள் பின்னால் குளிர்கிறது என்பார்கள். டிரைவருக்கோ அதைவிடப் பெரிய தொல்லை, பின் கண்ணாடிகளில் படியும் மூச்சு ஆவி. அதற்கு வைத்தியம் பின் ஹீட்டர் அல்ல. முன் ஹீட்டரைத் திறந்து, வெளிக்காற்று லீவரைத் திறந்து, பின் ஏசியை லோவில் ஓடவிடுங்கள். காயில் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கிவிடும், கண்ணாடி சில நிமிடத்தில் தெளியும். ஏசி குளிர்காலத்திலும் வேலை செய்யும் என்பதை நம்ப மறுக்கிறவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

அதற்கு மேலும் சூடு வேண்டுமென்றால், முன் ஹீட்டரின் கால் பக்க ஓட்டையிலிருந்து முன் சீட்டுகளுக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் டக்ட் இழுப்பது சுலபம். வருடத்தில் சில மலைப் பயணங்களுக்கு இதுவே என் சிபாரிசு. சிகரெட் லைட்டரில் செருகும் ஹீட்டர் 150 வாட், வெந்நீர்க் காயில் கொடுப்பது மூவாயிரம் வாட்டுக்கு மேல். முதலாவதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மூணாறு, கொடைக்கானல் டிரிப்பே பிழைப்பு என்கிறவருக்கு மட்டும் தனிப் பின் ஹீட்டர். பழைய லேண்ட் குரூஸர்கள் சிலவற்றில் இது சீட்டுக்கு அடியில் இருக்கும். சூடு மேலே எழும் என்பதால் ஏசிக்கு நேர்மாறாக இதற்கு இடம் தரை. முன் ஹீட்டரின் இரண்டு ஹோஸிலும் டீ போட்டு, அடியில் கிளாம்ப் வைத்துக் கொண்டுபோய், சீட்டுக்கு அடியில் உள்ள காயிலில் சேர்க்க வேண்டும். பானெட்டுக்குள் இரண்டு வால்வும் வையுங்கள். சித்திரையில் இரண்டையும் மூடிவிட்டால் ஏசிக்குத் தொல்லை இல்லை, பின்னால் ஹோஸ் வெடித்தாலும் எஞ்சின் தப்பிக்கும். உள்ளே ஓடுவது 90 டிகிரித் தண்ணீர், குழந்தைகள் கால் வைக்கும் இடம், அதனால் கேபினுக்குள் ஜாயின்ட் எதுவும் வேண்டாம்.

வேலை முடிந்து கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கை மேட்டில் தூக்கி நிறுத்தி, ஹீட்டர் வால்வுகளைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய அளவைவிட ஒரு லிட்டருக்குக் குறையாமல் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அப்படியே மலையேறினால் ஹெட் கேஸ்கட் போகும்.

காகிதம்

15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் டிஎன்-84 வண்டிக்கு அந்தத் தேதி எப்போது என்று ஆர்.சி.யில் பார்த்துவிட்டுப் பணத்தை இறக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெட்டிக்காக ஒரு சீட்டை எடுப்பது, தூணை வெட்டுவது, கூரையைத் துளைத்து மேலே பெட்டி ஏற்றுவது எல்லாம் அந்தத் தொல்லைக்குள் வரும். ஏசி பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் காட்டிக் கூடுதல் சாதனமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணம் கொடுக்கும் முன்

ஒர்க்ஷாப் வாசலில் குளிர்ந்ததைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, எல்லாச் சீட்டிலும் ஆள் வைத்து, மதியம் கிளம்பிச் சிவகிரி, புளியங்குடி, தென்காசி வழியாகப் புளியரை எஸ் வளைவு வரை போங்கள். ஒரு தெர்மாமீட்டர் முன் ஓட்டையில், ஒன்று பின் ஓட்டையில், இன்னொன்று கடைசி வரிசையில் தலை உயரத்தில். கடையநல்லூர் கடைத்தெருவில் நெரிசலில் நிற்கும்போது பின் ஓட்டையில் 15ஐத் தாண்டக் கூடாது. ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் வழக்கமான இடத்தைவிட்டு நகரக் கூடாது, கடைசி சீட்டில் சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. கோட்டைவாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள், எல்லாம் ஓடும்போது 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் பேச்சைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கே கேஸ் கசிகிறது.